அக்காள் வாங்கிய முத்தங்கள்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடையில், முத்தியால்பேட்டைக் கல்யாண மண்டபத்தின் வாசலில் முகமூடியுடன் நின்ற லூயிஸின் உள்ளம் குதியாட்டம் போட்டது. அக்காள் ஸ்டெல்லாமேரி ஈந்த சிறுநீரகம் அவனுடலில் குடியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. டயாலிசிஸ் காலத்தில் வற்றிப்போன சிறுநீர் இப்போது தாராளமாகப் பிரிவதை, வெற்றி வீரனைப் போல மனைவி ரூபியிடம் அறிவிப்பது அவன் வழக்கம்.

"போயிட்டு வந்துட்டேன்!"

"மைக் புடிச்சுச் சொல்லுங்க, மாப்ளை வூட்டுக்காரங்களும் கேக்கட்டும்."

புதுச் சிறுநீரகத்தை அந்நியமென்று உடல் விரட்டாதிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தி என்னும் அதன் காவலாளியை மாத்திரைகளால் உறங்க வைத்திருந்தார் மருத்துவர். காவலாளி உறங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே கூட்டத்துக்குப் போகக்கூடாது என்பது கட்டளை. ஆனால் மணப்பெண் அக்காளின் மகள். தாய்மாமன் வராமல் இருப்பதெப்படி? வாசலோடு நின்றுவிடுவதாகக் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான்.

அப்போது பாரிசிலிருந்து வந்திருந்த அந்துவான் சித்தப்பா, எதிர்ப்பட்டோர் அனைவரின் இரு கன்னங்களிலும் பிரெஞ்சு முறைப்படி முத்தமிட்டவாறு வந்தார். அவரது மூக்கு பழுத்த தக்காளியாகச் சிவந்திருந்தது.

"மோன் ஷேர், என் அன்பு லூயிஸ்! அந்தத் துணியக் கழட்டுடா, கன்னத்தக் காட்டு!"

அக்குடும்பத்தில் கன்னம் காட்டாதவன் பகையாளி. மகிழ்ச்சி மயக்கத்தில் லூயிஸின் விரல் முகமூடிக் கயிற்றைத் தொட்டுவிட்டது.

"கழட்டிப் பாருங்க, அப்புறம் இருக்கு!" என்று ரூபி குறுக்கே பாய்ந்தாள்.

"ஏம்மா, என் முத்தத்துல வெஷமா இருக்கு?" சித்தப்பாவின் முகம் சுருங்கியது. மேளக்காரர் கூட வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பட்டுச்சேலை சரசரக்க ஓடிவந்தாள் ஸ்டெல்லாமேரி.

"சித்தப்பா, அவன் வயித்துல இருக்கறது என் கிட்னி. அதுக்கு வர்ற முத்தமெல்லாம் என் கன்னத்துக்குத்தான் வரணும். இந்தாங்க!"

 சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்து, அவளுக்கு இரண்டு முத்தங்கள் ஈந்தார். அடுத்த நொடியே பீரங்கி வெடித்தாற்போல அவள் தோளிலேயே ஒரு தும்மல்!

"இதத்தான் அவனுக்கு எடுத்துட்டு வந்தீங்களா?" என்றாள் ஸ்டெல்லாமேரி.

மண்டபமே அதிர்ந்து சிரித்தது. உறவினர் யாவரும் அக்காள் முன்னே வரிசை கட்டினர். தூரத்து வேப்பமரத்தடிக்கு விலகிய லூயிஸ், போக்குவரத்துக் காவலரைப் போலக் கைகாட்டி, "அடுத்த ஆள் வாங்க! ரெண்டு கன்னமும் உண்டு!" என்று ஏலம் போட்டான். மாத்திரை நேரத்துக்கு அவன் கைப்பேசி கூவியது. ஆளில்லாத அந்நிழலில் முகமூடியை விலக்கி அவன் விழுங்கியபோது, சித்தப்பா மோர்க் குவளையை உயர்த்தி, "சாந்தே! ஒன் ஒடம்பு நல்லா இருக்கணும்!" என்று பிரெஞ்சு முறையில் வாழ்த்தினார். பந்தி முழுவதும் தண்ணீரும் பாயசமும் உயர்ந்தன: "சாந்தே!"

அவ்வாரமே இரத்தப் பரிசோதனை நல்ல செய்தி சொன்னது. துள்ளிக்கொண்டு அக்காளுக்குத் தொலைபேசினான். மறுமுனையில் ஓயாத தும்மல்.

"வூட்டுப் பக்கம் வந்துடாதடா, லூயிசு," என்றாள் ஸ்டெல்லாமேரி, மூக்கடைத்த குரலில். "கிட்னியும் குடுத்தேன், ஒனக்கு வரவேண்டிய சளியையும் நானே வாங்கிக்கிட்டேன். இன்னும் என்னடா வேணும் ஒனக்கு?"

"இரு அக்கா, போயிட்டு வந்து சொல்றேன்," என்று கழிப்பறைக்கு ஓடினான் அவன்.