ஹாலிதேயின் மூன்று சீட்டுகள்

ஹாலிதே பொய் சொல்கிறாள் என்பதற்கு நெர்மினிடம் ஆதாரம் இருந்தது. அவளே எழுதிக்கொடுத்த மூன்று செய்முறைச் சீட்டுகள். மூன்றையும் சமையலறை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

முதல் சீட்டு: ஒரு கோப்பை தயிர், அரைக் கோப்பை எண்ணெய், ஒரு முட்டை, கொள்ளுமளவு மாவு. இரண்டாவதில் தயிர் இல்லை, பால். மூன்றாவதில் இரண்டும் இல்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு, அதை வடித்த தண்ணீர். 'கொள்ளுமளவு மாவு' மட்டும் மூன்றிலும் இருந்தது.

எல்லாம் போவாச்சாவுக்கு. நடுவில் வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் உள்ளங்கை அளவு ரொட்டி. அதற்கு மூன்று செய்முறையா?

நெர்மின் பதினொரு வருடம் மருந்துக்கடையில் களிம்புக்கு மருந்தை எடைபோட்டுக் கலந்தவள். கொள்ளுமளவு என்று ஒரு அளவு உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி.

இருவரும் ஓரகத்திகள். ஹாலிதே மூத்தவள், போலு நகரின் மேட்டுத் தெருவில் வீடு. நெர்மினுக்குத் தபால் நிலையத்தின் பின்னால், தரைத்தளத்தில். மாமனார் ஷாகிர் இரண்டு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே என்று இருந்தார். இந்தக் குளிரில் அவருடைய முழங்கால் விட்டுப்போயிற்று.

"இனிமே பெட்டியத் தூக்கிட்டு அலைய முடியாது. எங்க தங்கறதுன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்," என்றிருந்தார்.

நெர்மினின் கணவன் வேதாத் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருப்பதில்லை. மாமனாரும் போய்விட்டால் அந்த வீட்டில் பேசுவதற்குத் தொலைக்காட்சிதான் மிஞ்சும். சாயங்காலம் பகடையில் அவளைத் தோற்கடித்துவிட்டு அவர் வெடித்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டை அவளால் நினைக்க முடியவில்லை.

ஆனால் அவள் சுட்ட போவாச்சாவை அவர் தேநீரில் நனைத்துத்தான் தின்றார்.

"ஹாலிதேயோடது வாயில வச்சா கரையும்," என்பார். உடனே, "உன்னோடது கெட்டின்னு சொல்லல. என் பல்லுதான் சரியில்ல," என்பார். அந்த இரண்டாவது பேச்சுதான் அவளைக் குத்தியது.

ஹாலிதே எதையோ மறைக்கிறாள். வினிகரா? சோடாவா?

புதன்கிழமை நெர்மின் சொல்லாமல் கிளம்பினாள். போன வாரம் பலகாரத்தோடு வந்த ஹாலிதேயின் தட்டு கையில் இருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவளை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. வெறும் தட்டைக் கொடுப்பதும் முறையில்லை. ஆறு ஆப்பிள் வைத்திருந்தாள்.

ஹாலிதே கதவைத் திறந்தாள். முழங்கைவரை மாவு.

"என்னடி, ஒரு போன்கூடப் பண்ணாம?"

"தட்டக் குடுக்கலாம்னு வந்தேன் அக்கா."

"நான் தேடவே இல்லையே." ஆப்பிளைப் பார்த்தாள். "சரியா ஆறு. மருந்துக்கடைப் புத்தி போகுதா பாரு."

ஹாலிதேயின் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி நெர்மின் குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என்ன போட்டீங்க?"

"நேத்து மிஞ்சின தயிரு. பத்தல. பால ஊத்திட்டேன்."

"உருளைக்கிழங்கு?"

"இல்ல. இருந்தா போட்டிருப்பேன்."

"எண்ணெய் எவ்வளவு?"

"பாட்டில் காலியாச்சு. அவ்வளவு."

பதிலைத் தயாராக வைத்திருக்கிறாள் என்று நெர்மின் நினைத்தாள்.

ஹாலிதே பிசைந்த மாவை இரண்டு விரலால் கிள்ளினாள். பிறகு புறங்கையால் தலைத்துணியை ஒதுக்கி, அதே விரல்களால் தன் காதுச்சோணையைக் கிள்ளிப் பார்த்தாள். ஒரு பிடி மாவு தூவினாள். மறுபடி கிள்ளினாள். போதும் என்று கையை வழித்துவிட்டாள். மாவு இன்னும் விரலில் ஒட்டியது. நெர்மினாக இருந்தால் மேலும் ஒரு கோப்பை போட்டிருப்பாள்.

"காத எதுக்குத் தொட்டீங்க?"

"மாவு சோணை பதத்துக்கு மெத்துன்னு வரணும்ல."

"சீட்டுல எழுதலையே?"

"இதப் போயி யாராவது எழுதுவாங்களா?"

"மூணு தடவ கேட்டேன் அக்கா. மூணு தடவையும் வேற வேற சொன்னீங்க."

"மூணு தடவையும் வீட்ல வேற வேற இருந்துது."

கூடத்தில் தொலைபேசி அடித்தது. ஹாலிதே போனதும் நெர்மின் அலமாரியைத் திறந்தாள். மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர், காய்ந்த புதினா. ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அவளுடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

"என்ன தேடுற?" ஹாலிதே வாசலில் நின்றிருந்தாள்.

"உப்பு."

"உப்பு மேசையிலயே இருக்கே."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெருவை மூடிப் பனி கிடந்தது. கடை திறக்கவில்லை. தயிர் இல்லை. மாமனார் முந்தின நாள் குடித்து மிச்சம் வைத்த மோர் இருந்தது. காய்ந்துபோன பாலாடைக்கட்டியின் ஓரம் இருந்தது. வேறு வழியில்லை. நெர்மின் தராசை எடுக்கவில்லை, எதை நிறுப்பது?

மோரையும் எண்ணெயையும் ஊற்றி, முட்டையை உடைத்து, மாவு போட்டுப் பிசைந்தாள். தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சோணையைக் கிள்ளிப் பார்த்தாள். மாவு ஒட்டியது. இன்னும் போடு, போடு என்று கை பரபரத்தது. மாவுப் பையைச் சுருட்டி அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சுட்டு அடுக்கிய தட்டிலிருந்து ஷாகிர் ஒன்றை எடுத்தார். நெர்மின் அவருடைய தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை அதன் பக்கம் போகவில்லை. இரண்டாவதை எடுத்தார்.

"ஹாலிதே குடுத்துவிட்டாளா?"

"இல்ல பாபா. நான்தான்."

அவர் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். இந்த வீட்டுத் தட்டுதான். மூன்றாவதைப் பிட்டு உள்ளே பார்த்தார்.

"என்னோட தடிக்கோட்டு ஹாலிதே வீட்ல இருக்கு. யாரையாவது இங்கயே கொண்டாரச் சொல்லு," என்றார். "பகடைப் பலகைய எடு. இன்னைக்கும் நீ தோக்கணும்."

நெர்மின் பலகையை எடுக்கப் போனாள். காய்களைச் சரியான இடத்தில் அடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. ஹாலிதே நின்றிருந்தாள். காலணியெல்லாம் பனி, கையில் கோட்டு.

"என்னக்கா, போன்கூடப் பண்ணாம?"

"கோட்டக் குடுக்கலாம்னு வந்தேன்." கோட்டைக் கொடுத்துவிட்டும் அவள் நகரவில்லை. "மூணு தின்னாராமே. என்ன போட்ட?"

"இருந்ததப் போட்டேன்."

"எங்கிட்டயே மறைக்கிறியா?"

ஹாலிதேயின் பார்வை அவள் தோளைத் தாண்டி அலமாரிக்குப் போயிற்று.

"உள்ள வாங்க," என்று நெர்மின் வழிவிட்டாள். "உப்பு மேசையிலயே இருக்கு."