நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆள் இடம்

பாடங்கள் இணையத்தில் ஏறிய மூன்றாம் நாள், ஓவிய ஆசிரியை ஒரே நேரத்தில் நூற்றுப் பதினேழு வீடுகளில் நடந்தார். அந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவரே சாட்சி.

எல்லாம் நாத்தனார் செய்த வேலை. ஆசிரியை வேலை பார்த்த, மனித உருவம் வரையக் கற்றுத்தரும் பள்ளி, தன் கட்டடத்தைக் காலி செய்தாக வேண்டியிருந்தது. வகுப்புகளை, அவரவர் வசதிப்படி பார்த்துப் படிக்கும் காணொளிகளாக மாற்றினால்தான் ஆசிரியைக்கு வேலை நிலைக்கும். மாற்றும் பொறுப்பு நாத்தனாருக்கு. பதினோரு வாரம் படம்பிடித்துவிட்டு வெட்ட உட்கார்ந்தாள்.

"அண்ணி, மூணு மணி நேர வகுப்புல நீங்க பேசுறது முப்பத்தெட்டு நிமிஷம். மீதி நேரம் சும்மா நடக்குறீங்க."

"அந்த நடைதான்டி வகுப்பு."

"அத யாரு உக்காந்து பாப்பாங்க?" என்று நாத்தனார் நடையை மொத்தமாக வெட்டி எறிந்தாள். எறிந்த நடைக்கும் ஒரு போக்கிடம் வேண்டாமா? அது படிப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோடு தப்பாகப் போகும்போது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நிற்கும். திரும்பினால் ஆள் இருக்காது. காகிதத்தில் தப்பான இடத்தில் மட்டும் கரி படிந்த கட்டைவிரல் ரேகை இருக்கும். புகார்கள் குவியும் என்று பள்ளி பயந்தது. வந்தவை இரண்டே. ஒருவர் வீட்டு நாய் குரைத்தது. இன்னொருவருக்கு, தன் பின்னால் டீச்சர் அதிக நேரம் நிற்பதில்லை என்று மனத்தாங்கல்.

பாடு ஆசிரியைக்குத்தான். அவரவர் வசதி என்றால் ஒருவர் பல் தேய்த்த கையோடு படிப்பார், இன்னொருவர் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படிப்பார். ஆறு மாதத்தில் நான்கு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. மருத்துவர் நடையைக் குறைக்கச் சொன்னார். "நாற்காலிய விட்டு எழுந்திருக்கறதே இல்லையே டாக்டர்" என்றார் கணவர். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மட்டும் ஆசிரியைக்குத் தலை சுற்றியது. ஒருநாள் அடுப்பு மேடையைப் பிடித்தபடியே தரையில் சரிந்தார். நாத்தனார் அழுதேவிட்டாள். "எல்லாப் பாடத்தையும் இணையத்துலேர்ந்து எடுத்துடறேன் அண்ணி."

அந்த வாரமே கடிதம் வந்தது. எழுதியவர் கிரேன் ஓட்டுநர். நாற்பது மீட்டர் உயரத்துக் கூண்டில், சாப்பாட்டு இடைவேளையில் படிப்பவர். மேலிருந்து பார்த்துப் பார்த்து மனிதர்கள் வெறும் உச்சந்தலையாகிவிட்டார்கள், தோள் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது என்று எழுதியிருந்தார். "டீச்சர், நீங்க வர்ற நேரத்துக்கு டிபன் டப்பாவ நகர்த்தி வச்சிடறேன். ஏறும்போது கைப்பிடியப் புடிச்சுக்குங்க. கீழ பாக்காதீங்க." கூடவே, சக தொழிலாளி ஒருவரை அவர் வரைந்த படம்.

சிறுவயது முதலே மாடிப்படிக்குக்கூடப் பயப்படும் ஆசிரியை, படத்தை வெகுநேரம் பார்த்தார். "தோள் ரெண்டு விரல் எறங்கியிருக்கு. இவருக்கு சரியா வர்ற வரைக்கும் எதையும் எடுக்காத."

மறுநாளிலிருந்து பன்னிரண்டரை ஆனால் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் தலைசுற்றல் நின்றது. தோள் சரியாக வர நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் இன்னும் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டதால், பாடங்களை நீக்கும் பேச்சை நாத்தனாரும் எடுக்கவில்லை. சிற்ப வகுப்பு எடுப்பவர் தன் நடையையும் வெட்டித் தரும்படி அவளிடம் வந்து நின்றார்.

இப்போது பள்ளியின் இணையப் பக்கத்தில், தேவையான பொருட்கள் என்று போட்டிருக்கிறது: காகிதம், கரித்துண்டு, அழிப்பான், நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்க இடம்.