குதிகாலில் ஒரு பள்ளம்

அந்தக் கால் அவள் புருஷனுடையது இல்லை.

மழைக்கோட்டைத் தேடி ஸ்கூட்டர் பெட்டிக்குள் கையை விட்டவளுக்கு, பழைய துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் அகப்பட்டது. பிரித்தாள். கார்க் செருப்பு. "தூக்கிப் போட்டாச்சு, போதுமா? இனிமே நிம்மதியா தூங்கு" என்று போன மாதம் அவர் சொன்ன அதே செருப்பு.

அவர் ஒரு தையல் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். வீதியில் எல்லோருக்கும் மாஸ்டர். நாள் பூரா மேஜை முன்னால் நின்றபடி வெட்டுகிற வேலை. இந்தச் செருப்பில் ஏறினால்தான் கால் கால் மாதிரி இருக்கும் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாருக்கு எண்ணெய் தடவி, ஓரத்தில் கார்க் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும், ஈரத்தில் வைத்தால் ஊறிவிடும் என்று கைக்குழந்தையைப் போல இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். அவள் முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, அதே கண்ணாடிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவள் கத்தினாள். "அதுவா, நானா? இப்பவே சொல்லுங்க!"

அவர் தூக்கிப் போட்டார். அதாவது, போட்டதாகச் சொன்னார்.

இப்போது செருப்பு ஜம்மென்று இருந்தது. அடியில் புது ரப்பர். ஓரத்து வெடிப்புகளில் கார்க் தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. அவர் கைவேலை இல்லை. அவர் பூசினால் பிரஷ் கோடு விழும். இது விரலால் தடவியது. ஆசையாகத் தடவியது.

அது கூடப் பரவாயில்லை. உள்ளே பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கார்க் செருப்பு போட்டவர் காலை அப்படியே பதித்துக்கொள்ளும். மாஸ்டர் பாதம் அகலம். இரண்டாவது விரல், பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்குகிறவனைப் போலக் கட்டைவிரல் மேல் சாய்ந்திருக்கும். அந்த அச்சைக் காணோம். அதே இடத்தில் ஒடுங்கலான, சின்னக் கால் ஒன்று. ஐந்து விரலும் ஒழுங்கு தப்பாத பல்வரிசை மாதிரி.

பெண்ணின் கால்.

அவளுக்கு அச்சு விஷயத்தில் தப்பே வராது. பல் செட் செய்யும் லேபில் வேலை. ஆளைப் பார்க்காமல், பசையில் பதிந்த அச்சை மட்டும் பார்த்து, எந்தப் பக்கமாக மெல்லுவார், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்று சொல்லிவிடுவாள்.

நான் வேண்டாம் என்று தள்ளியதை எவளோ எடுத்து வைத்துச் சீராட்டுகிறாள். இவர் அவள் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். அவள் அதையே மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறாள். அச்சே மாறுகிற அளவுக்கு நடக்கிறாள்!

உள்ளே குளியலறையில் தண்ணீர் சத்தமும் பாட்டும். அவர் குளிக்கப் போனால் லேசில் வரமாட்டார். அவள் சமையலறைக்கு ஓடினாள். சுவர் ஓட்டைகளை அடைக்க லேபிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்டர் மாவைக் குழைத்தாள். இடது செருப்புக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து ஊற்றினாள். பாட்டு முடிவதற்குள் மாவு இறுகிவிட்டது. செருப்பு துணிக்குள்ளும், வெள்ளைக் கால் அவள் கைப்பைக்குள்ளும் போயின.

"என்ன தேடறே?" தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"மழைக்கோட்டு."

"மழையே இல்லையே."

"வரும்," என்றாள்.

---

லேபில் பக்கத்து மேஜைக்காரி, செய்து முடித்த பற்களுக்குப் பளபளப்பு ஏற்றுகிறவள். அதனால் பெயரே பாலிஷ். வெள்ளைக் காலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, சும்மா சொல்லக் கூடாது. அழகான காலு."

"உன்னை அழகுப் போட்டிக்கா கூப்பிட்டேன்?"

"இல்லக்கா, எதிராளியப் பத்தி உள்ளதச் சொல்லணும்ல. சரி, இது என்ன?" குதிகால் நடுவில் விரலை வைத்தாள். உருண்டையாக ஒரு பள்ளம். சுண்டுவிரல் நுனி நுழையும்.

அவள் அதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். "காலாணி வெட்டி எடுத்த தழும்பு. ஆழமா வெட்டியிருக்காங்க."

"அடையாளம் கிடைச்சாச்சு! குதிகாலைத் தூக்கிக் காட்டச் சொன்னா கேஸ் முடிஞ்சுது. எவகிட்ட போய்ச் சொல்லுவே, அதுதான் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேறொரு கெடு இருந்தது. வேறு ஊரில் திறக்கப்போகும் புது லேபுக்கு அவளைப் பொறுப்பாகப் போகச் சொல்லியிருந்தார் முதலாளி டாக்டர். சாயங்காலம் ஃபோன் செய்வார். வரேன் அல்லது வரல, ஒரே வார்த்தை. நேற்று வரை 'வரல' என்றுதான் வைத்திருந்தாள். மாஸ்டருக்கு இந்த ஊரில்தான் வேலை. அவருக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது.

இப்போது அதைப் பற்றி அவளுக்கு என்ன? வேகவைக்கத்தான் ஆள் இருக்கிறாளே.

"டாக்டர் கூப்பிடறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள். "உண்மைன்னா, அடுத்த பஸ்ல நான் ஏறிடுவேன்."

பாலிஷ் முகத்தில் கிண்டல் அணைந்தது. "அக்கா, ஒரு வார்த்தை அவரையே கேட்டுப் பாக்கலாம்ல?"

"தூக்கிப் போட்டேன்னு சொன்ன வாயையா?"

கைப்பையில் வெள்ளைக் காலோடு, பல் அளவெடுக்கும் பவுடர் ஒரு பாக்கெட், கொஞ்சம் பிளாஸ்டர் மாவு, கலக்குகிற ரப்பர் கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். குற்றவாளி சிக்கினால் அந்த இடத்திலேயே அச்செடுத்து ஒப்பிட்டுவிடுவது என்று திட்டம். தப்பிக்க வழி இருக்கக் கூடாது.

---

தையல் யூனிட்டின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. துணியில் அழுக்குப் படக் கூடாது என்று எல்லோரும் வெளியே விட்டுத்தான் உள்ளே போவார்கள். மாஸ்டரின் கார்க் செருப்புக்கு மட்டும் விலக்கு; அது போனதிலிருந்து அவர் மேஜைக்கடியில் ஒரு பழைய மெத்தைத் துண்டு போட்டு நிற்பதாகக் கேள்வி.

அவள் குந்தி உட்கார்ந்தாள். பெண்கள் செருப்பாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தூக்கி, குதிகால் இடத்தை வெளிச்சத்தில் காட்டினாள். இது அகலம். இது குட்டை. இது... நாற்றம்.

"என்னக்கா, செருப்பு மாறிப் போச்சா?"

நிமிர்ந்தாள். பட்டன் தைக்கிற பெண். கழுத்தில் டேப், வாயோரம் ஊசி. முதல் சந்தேகமே அவள் மேல்தான். காரணம், மாஸ்டர் வீட்டில் ஒருமுறை, "பட்டனுக்குக் கை சுத்தம்" என்று பாராட்டியிருக்கிறார்.

"உன் காலைக் கொஞ்சம் தூக்கு."

"என்னது?"

"குதிகாலைக் காட்டுன்னேன்."

பட்டன் பயந்துபோய், கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பித்தவெடிப்பு மட்டும்தான் இருந்தது. தழும்பு இல்லை.

"களிம்பு போடு," என்றாள் அவள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "மாஸ்டர் எங்கே?"

"பின்வாசல் வழியா இப்பத்தான் கிளம்பினாரு. இப்பெல்லாம் சீக்கிரமே போயிடறாரே. தினமும் வீட்டுக்கு வந்துடறாருன்னு நாங்க உங்களைத்தான் கிண்டல் பண்ணிட்டு இருக்கோம்."

அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். ஆர்டர் ஜாஸ்தி, லேட்டாகும் என்று தினமும் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்புவது தெரிந்தது. அவள் ஓடினாள். கைப்பைக்குள் வெள்ளைக் கால் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்பது போல. சிக்னலில் நின்ற ஸ்கூட்டரை எட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனாள். மருந்துக் கடை தாண்டி, சாவி போடுகிற கடை தாண்டி, சந்துக்குள் ஒரு கண்ணாடிக் கதவு. அவர் துணிப் பொட்டலத்தோடு உள்ளே போனார்.

செருப்பு, பை ரிப்பேர் கடை.

எதிர்ப்புறம் நின்ற வண்டியின் மறைவிலிருந்து பார்த்தாள். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். எதிரில், தோல் ஏப்ரன் கட்டிய ஒரு பெண், முக்காலியில் உட்கார்ந்து, அவர் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள். கணுக்காலைப் பிடித்து லேசாகத் திருப்பினாள். ஏதோ சொன்னாள். மாஸ்டர் சிரித்தார்.

சிரித்தார்! வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் காலைத் தொட்டதில்லை. தொட்டால் கூசும் என்று இழுத்துக்கொள்வார். அந்தக் கால் இப்போது ஒருத்தி மடியில் பூனை மாதிரி படுத்திருக்கிறது.

கதவை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இந்தக் காலு யாரோடது?"

பிளாஸ்டர் கால் மேஜை மேல் டொக்கென்று உட்கார்ந்தது.

மாஸ்டர் எழுந்தார், நழுவினார், மறுபடி உட்கார்ந்தார். "நீ எப்படி இங்க..."

"நீங்க பேசாதீங்க. இவங்க சொல்லட்டும். ஏம்மா, உன் இடது காலைக் காட்டு."

கடைக்காரி நிதானமாகக் கையைத் துடைத்தாள். காலை நீட்டினாள். அகலமான, உழைத்த கால். அச்சுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அவள் பிளாஸ்டர் காலை முன்னால் தள்ளினாள். "அப்போ இது எவ?"

கடைக்காரி பிளாஸ்டர் காலை எடுத்தாள். குதிகாலில் இருந்த பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

மரக்கால். சாக்ஸ் கடைக் கண்ணாடிக்குள் பெண்கள் சாக்ஸை மாட்டி நிறுத்தி வைப்பார்களே, அந்தக் கால். ஒழுங்கான ஐந்து விரல். குதிகாலில், கம்பி சொருகி நிறுத்துவதற்கான உருண்டை ஓட்டை.

இரண்டையும் ஒட்டி வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

"சாக்ஸ் கடை ஒண்ணு மூடினப்ப ஜோடியா வாங்கினேன் மேடம்," என்றாள் கடைக்காரி. "இவர் யூனிட்ல இஸ்திரிக்கு ஆவி விடற பாய்லர் குழாய் பிச்சுக்கிச்சாம். வெந்நியில செருப்பு ஊறி, கார்க் உப்பிப்போய் வந்துது. வெடிப்ப அடைச்சு, ஈரத்தோட இதை வெச்சு மேல பாரம் ஏத்திட்டேன். எல்லாருக்கும் இதான் பண்றது. யாரும் வித்தியாசம் சொன்னதில்ல. உங்க வீட்டுக்காரர் மறுநாளே வந்து நிக்கறாரு, வேற யார் வீட்டுக்குள்ளயோ நுழைஞ்ச மாதிரி இருக்குன்னு. அதான் தினமும் ஈரம் பண்ணிக் குடுத்து, போட்டுட்டு நிக்கச் சொல்றேன். அச்சு வர மாட்டேங்குது. விரல் எப்படித்தான் சாயுதுன்னு இப்பத்தான் திருப்பிப் பார்த்தேன்."

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "தூக்கிப் போட்டேன்னீங்க?"

"போடத்தான் போனேன்." அவர் குரல் இறங்கியது. "குப்பைத் தொட்டி வரைக்கும் போய் நின்னேன். கை வரல. யூனிட்லயே ஒளிச்சு வெச்சேன். உன்கிட்ட சொன்னா மறுபடி 'அதுவா, நானா'ம்பே."

"அதனால பொய்யி. ஆர்டர் ஜாஸ்தி. லேட்டாகும்."

"ஆமா. பொய்தான்." அவர் பிளாஸ்டர் காலைப் பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கியது. "நீ... இத வெச்சுக்கிட்டு... ஊர் பூரா கால் பாத்துட்டா வந்தே?"

"பட்டன் காலை மட்டும்."

"ஐயோ!"

கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு மரக்காலைத் தடவினாள். "பாவம் மேடம், இவ ரொம்ப அடக்கம். இத்தனை வருஷத்துல யார் கூடவும் போனதில்ல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் பொறாமை முழுசாக இறங்கவில்லை. கடைக்காரி மறுபடி முக்காலியை இழுத்துப் போட்டு, "சரி மாஸ்டர், காலைக் குடுங்க" என்றபோது, அது விறுவிறுவென்று மேலே ஏறியது.

"நில்லுங்க. கால நான் புடிச்சுக்கறேன்."

கைப்பையிலிருந்து பவுடரும் கிண்ணமும் வெளியே வந்தன. யாரையோ மாட்டிவைக்க எடுத்து வந்த சாமான். பழைய செருப்பு அட்டைப்பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கித் தரையில் போட்டாள். தண்ணீர் விட்டுக் கலக்கினாள். பல் ஆஸ்பத்திரி வாசனை கடையில் பரவியது. பசையை மூடிக்குள் வழித்து நிரப்பினாள்.

"எழுந்து வைங்க. அழுத்தி. ஆடக் கூடாது."

"ஜில்லுனு இருக்கே!"

"இருக்கும்."

மண்டியிட்டு அவர் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் கூசி நெளிந்தார். இழுத்துக்கொள்ளவில்லை. கால்தான் மாட்டியிருக்கிறதே. சாய்ந்து கிடந்த இரண்டாவது விரலை முதல்முறையாக இவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள்.

அப்போது கைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

"எடுங்க. டாக்டர்தான். என் காதுல வைங்க."

மாஸ்டர் ஒரு காலில் நின்றபடியே குனிந்து, ஃபோனை எடுத்து வைத்தார். டாக்டரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "என்னம்மா முடிவு? புது லேப் பொறுப்பு. வர்றீங்களா, இல்லையா?"

மாஸ்டரின் முகம் வெளுத்தது. அவருக்கு இந்த விஷயமே தெரியாது. கணுக்கால் அவள் கைக்குள் விறைத்தது.

அவள் தலையைத் தூக்கி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கொஞ்சம் தவிக்கட்டும் என்று பார்த்தாள்.

"வரல சார். கை வேலையா இருக்கு."

ஃபோன் அணைந்தது. "வேற ஊருக்கா?" என்றார் அவர். "போறதா இருந்தியா?"

"ஆடாதீங்கன்னேன்ல."

பசை இறுகியதும் கால் பளக்கென்று வெளியே வந்தது. அகலம், சாய்ந்த விரல், எல்லாம் பசையில் அப்படியே. அதற்குள் பிளாஸ்டரை ஊற்றினாள். "அடுத்த காலை நீட்டுங்க."

இரண்டு வெள்ளைக் கால்களும் தயாரானபோது கடைக்காரிக்குச் சந்தோஷம். "பிரமாதம் மேடம்! இங்கயே விட்டுட்டுப் போங்க. செருப்ப நனைச்சு, இதை வெச்சு, பாரம் ஏத்திடறேன். அலமாரியில இருக்கட்டும், அடுத்த தடவைக்கும் ஆகும்."

அலமாரியைப் பார்த்தாள். அங்கே மரக்காலின் ஜோடி தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் காலியிடம்.

"பசை போடறது, ரப்பர் ஒட்டறது உங்க வேலை," என்றாள். "கால் என் வேலை. நனைச்சு மட்டும் குடுங்க, பாரம் வீட்ல ஏத்திக்கறோம்."

செருப்பும் கால்களும் கைப்பைக்குள் போயின. ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மாஸ்டர் கிளப்பாமல் கடைக் கண்ணாடிக்குள் மரக்காலைப் பார்த்து, தனக்குள் சிரித்தார்.

"அந்தப் பக்கம் என்ன பார்வை?" என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."