மடித்து அனுப்பிய ஓரம்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஈரக் காலைச் சாக்கில் துடைத்துவிட்டு வாருங்கள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு சிநேகிதிகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதுஷாவும் கலாராணியும் பதினோராம் வகுப்பு. ஒருத்தி முதலாவது வந்தால் மற்றவள் இரண்டாவது. இந்தத் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் முதலாவது வருகிறவளுக்குப் பண்டாரவளையில் இலவச வகுப்பு என்று ஜெயமலர் டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, கொழுந்து எடுக்கப் போன கலாராணியின் அம்மா லெட்சுமியைக் குளவி கொட்டிவிட்டது. கலாராணி துணைக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் தங்கினாள். "நோட்ஸ போட்டோ எடுத்து அனுப்புடி" என்று மதுஷாவிடம் கெஞ்சிவிட்டுத்தான் போனாள்.

மதுஷா குறிப்பெடுக்கும் விதமே தனி. டீச்சர் சொல்வதைப் புரிந்துகொண்டு தன் சொல்லில் சுருக்கி எழுதுவாள். பக்கத்தின் வெளி ஓரத்தை அகலமாக விட்டு, டீச்சர் கேட்கும் கேள்விகளை அதில் குறிப்பாள். சாயங்காலம் பாடத்தைக் கையால் மறைத்து, ஓரத்துக் கேள்விகளை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிப் பார்ப்பாள். அவள் வாங்கும் மார்க்கெல்லாம் அந்த ஓரம் கொடுத்ததுதான்.

படம் எடுக்கும்போது அந்த ஓரத்தைப் பின்பக்கமாக மடித்துவிட்டாள். எல்லாப் பக்கத்திலும்.

சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று அனுப்பினாள். "நீ தெய்வம்டி" என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு, மடித்த ஓரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

பரீட்சைக்கு முதல்நாள் அந்தக் குறிப்புக் கொப்பியோடு பதுளைக்கு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வாட்டில் லெட்சுமியின் முகம் இன்னும் வீங்கியே இருந்தது.

"மதுஷாப் புள்ளயா? நீ எழுதுனதத்தான் இவ எனக்கும் வாசிச்சுக் காட்டுறா. நல்லா இரும்மா."

மதுஷா கலாராணியை வெளியே இழுத்துப் போனாள்.

"கலா, நான் ஓரத்த மடிச்சிட்டு..."

"தெரியும். பக்கமெல்லாம் மெலிஞ்சு போயில்ல வந்துச்சு. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லுவ. அதுக்கு வேற ஒன்னோட கோவிக்கணும். எனக்கு இங்க ஆயிரம் வேல, மகாராணி."

மதுஷா அழுதாள்.

"அழுவுறத பஸ்ஸுல வச்சிக்க. இப்ப கேள்வியக் கேளு."

கடைசி பஸ் வரைக்கும் கேட்டாள். பாதிக்குத்தான் கலாராணியிடம் பதில் இருந்தது. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்க்க வேண்டியது ஒரு பொழுதில் தலையில் ஏறுமா, சொல்லுங்கள்.

மறுநாள் இரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள். மதுஷாதான் முதலாவது வந்தாள். டீச்சரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். டீச்சர் கொப்பியை வாங்கி ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எடம் ஒண்டுதான் பிள்ளை. நீ வகுப்புக்குப் போய் ரெண்டு பேருக்கும் எழுதிக்கொண்டு வா" என்றார்.

இப்போது கிழமைதோறும் பண்டாரவளைப் பாடத்தை ஓரத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். "வையி" என்கிறாள் கலாராணி, நிமிராமலே.

கண்ணுகளா, உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கும்படி வாழட்டும்.