தூண்களைத் தின்ற கரிக்குழி

கரிக்கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள் ஹல்பெரா. ஒரு கைப்பிடித் தூள்தான் விழுந்தது.

ஐஸ்லாந்தின் வடகரையில் குடியேறியோரின் இரும்பு மென்மையானது. அரைநாள் புல்லறுத்தால் அரிவாள் மழுங்கிவிடும். அதை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து மெலித்தாலன்றி அது மீண்டும் அறுக்காது. உலைக்கோ கரி வேண்டும். வயலில் பாதிப் புல் இன்னும் அறுபடாமல் நின்றது. வடக்கே, கோடையிலும் கரையாத கடற்பனியின் பின்னால் மேகம் திரண்டிருந்தது. இன்னும் நான்கே நாள்களில் மழை. புல் நனைந்து அழுகுமாயின் இரண்டு பசுக்களும் பதினெட்டுச் செம்மறிகளும் குளிர்காலத்தைத் தாண்டா. அவற்றை நம்பியிருந்த ஐந்து வயிறுகளும் அவ்வாறே.

இறந்துபோன கணவனின் தம்பி ஓட்டார் கோடரியோடு வந்து நின்றான்.

"இன்னும் என்ன அண்ணி யோசனை? மேல இருக்கிற தோப்பச் சாய்ச்சிடுவோம். அறுபது மரம். கரிக்குப் பஞ்சமே வராது."

"மேற்குச் சரிவ வெட்டுறப்பவும் இதையேதான் சொன்ன, தம்பி."

"திரும்பத் துளிர்க்கும். நார்வேல வெட்டின பிர்ச் மரம் மூணு வருஷத்துல தோள் ஒசரம் வரலியா?"

"அது நார்வே. இங்க கோடைன்னு ஒண்ணு வருதா? தப்பித் தவறி வர்ற துளிரையும் உன் வெள்ளாடுங்க மொட்டையடிச்சிடுது."

"அந்த வெள்ளாட்டுப் பாலக் கஞ்சியில ஊத்துறப்ப இந்த வாய் எங்க போச்சு?"

அவன் தோப்பை நோக்கி ஏறினான், அவளும் பின்தொடர்ந்தாள்.

வழியில் மேற்குச் சரிவு கிடந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் வெட்டிய அடிக்கட்டைகளில் விரலளவு துளிர்கள், அவையும் நுனி கடிபட்டு நின்றன. இடையிலிருந்த மண் பறந்துபோய்ச் சரளைக்கல் பல்லிளித்தது. அப்போது காற்று எழுந்தது. செம்புழுதி சுருண்டு கிளம்பி, நேராகச் சென்று கீழிருந்த வயலின்மேல் படிந்தது.

ஹல்பெரா கீழே இறங்கி, ஒரு பிடி புல்லைப் பறித்து விரல்களுக்கிடையே உருவினாள். நறநறவென்றது. சென்ற ஆண்டு கோடை முழுவதற்கும் போதுமாயிருந்த இதே அளவு கரி இவ்வாண்டு பாதியிலேயே தீர்ந்ததன் காரணம் அவளுக்கு அக்கணமே விளங்கிற்று. அரிவாளை மழுக்கியது புல்லன்று, மண். மீதித் தோப்பையும் வெட்டினால் இன்னும் மண் வரும். இன்னும் கரி கேட்கும். கேட்டால் கொடுக்க மரம் இராது.

மேலே முதல் வெட்டு விழும் ஓசை கேட்டது. அவள் ஓடினாள். இரண்டாம் வெட்டுக்கு ஓங்கிய கோடரியின் காம்பை எட்டிப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி, கை போயிடும்!"

"பச்ச மரம் இது. வெட்டி, காய வெச்சு, கரியாக்க எட்டு நாளாகும். மழை உனக்காகக் காத்திருக்குமா?"

"காஞ்ச கட்டைக்கு எங்க போக? பனி மறிச்சதுல இந்த வருஷம் கடல்ல ஒரு குச்சிகூட ஒதுங்கல."

அவள் வீட்டைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசையைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. உள்ளே, வீட்டுத் தலைவனின் இருக்கைக்கு இருபுறமும் நின்ற பைன் தூண்கள்! நார்வேயிலிருந்து வருகையில், கரை தெரிந்ததும், குடியமர வேண்டிய இடத்தைத் தெய்வம் காட்டட்டுமென்று அவன் அண்ணன் கடலில் எறிந்தவை. அவை ஒதுங்கிய இடத்திலேயே குடியமர்ந்தார்கள்.

"அது தோர் சாமியோட தூண், அண்ணி!"

"எடத்தக் காட்டுச்சு, எறங்கிட்டோம். அதோட வேல முடிஞ்சுது."

"தூணில்லாத வீடுன்னு ஊரே சிரிக்கும்."

"மாடில்லாத வீடுன்னு அழறதுக்கு அது தேவல."

கோடரியைப் பறித்துக்கொண்டு இறங்கினாள். அவன் முந்தி ஓடி வாசலை மறித்தான். இருவரும் மூச்சிரைக்க எதிரெதிரே நின்றனர். வயலின்மேல் மறுபடியும் புழுதி இறங்கியது. அதை அவனும் பார்த்தான். அது மேற்குச் சரிவிலிருந்து வருவதையும் கண்டான். பிறகு வழிவிட்டான்.

"நான் தூணத் தொட மாட்டேன். சாமி கேட்டா உங்க பேரத்தான் சொல்லுவேன்."

"சொல்லு."

"கரி சுட குழி வேணா வெட்டுறேன்."

மரம் எலும்புபோல் காய்ந்திருந்தது. தூணில் செதுக்கிய முகத்தை அவள் மூன்றாம் வெட்டில் பிளந்தபோது, வெளியே மண்வெட்டியின் ஓசை ஒரு கணம் நின்று மீண்டும் தொடர்ந்தது.

மறுநாள் மாலைக்குள் கரி வெந்துவிட்டது. உலை அணையாமல் எரிந்தது, அரிவாள்கள் ஓயவில்லை. கடைசிச் சுமை கொட்டகைக்குள் நுழைகையில் முதல் துளி விழுந்தது. ஓடையோரத்துப் புல் மட்டும் நனைந்து அழுகியது.

வீட்டினுள் இருக்கையின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள். ஓட்டார் தரையில் அமர்ந்து, பால் விட்ட கஞ்சியைக் கையில் வாங்கினான்.

"வெள்ளாடுங்கள அறுத்துடறேன்," என்றான். "பால் கறக்கிற ஒண்ண மட்டும் விட்டுடுங்க அண்ணி. கஞ்சிக்கு."

"கட்டிப் போட்டா விடறேன்."

"கயிறு எவ்ளோ நீளம்?"

ஹல்பெரா கஞ்சியைக் கிண்டியபடியே, வாசலிலிருந்து தோப்பு எத்தனை அடி என்று மனத்துக்குள் அளந்தாள்.