பகலில் தூங்கும் வீட்டில் ஓர் ஓபரா

இரவு வேலை முடிந்து வந்த ரெய்மண்டுக்குச் சப்பாத்தைக் கழற்றவே தெம்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் மற்றதை உதறினான். ஷெல்லி கோப்பியை நீட்டினாள்.

"இன்னிக்கு ஒண்ணு பாக்கணும்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கத்துற படமா?"

"கத்துறது இல்ல லா. ஓபரா. கதைய வசனம் பேசாம பாட்டாவே பாடுவாங்க."

"தெரியும், தெரியும். குளிச்சிட்டு வரேன். பாத்துக்கிட்டே சாப்பிடுறேன்."

மாதா கோவிலில் பாடற்குழுவை நடத்தும் கேமரன் அனுப்பிய பதிவு அது. கோலாலம்பூரில் அவருடைய நண்பர்கள் அதே ஓபராவை மேடையேற்றப் போகிறார்கள். கூட்டமாகப் பாட ஆள் தேவை. ஷெல்லிதான் வேண்டும் என்று கேமரன் பேர் சொல்லிக் கேட்டிருந்தார். சம்பளம் கிடையாது. வருஷக் கடைசி வரை சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒத்திகை. "வீட்டுக்காரரோட உக்காந்து பாருங்க சிஸ்டர், பாத்துட்டு ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்றிருந்தார்.

ஷெல்லிக்கு ஆசைதான். எவ்வளவு ஆசை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாரம் முழுக்க கோலா குபு பாருவில் ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். செரண்டா தொழிற்சாலையில் ரெய்மண்டுக்கு லீவு மாறி மாறி விழும். அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால்தான் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட முடியும். அந்த ஞாயிறுகளையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் கல்யாணத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்ற கேள்வி பல நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ரெய்மண்டுக்குப் பகல்தான் இரவு. ஜன்னல்களில் தடித்த திரை. அவன் படுக்கும் நேரத்தில் குக்கர் விசில் அடிக்காது, மிக்சி ஓடாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்த ஷெல்லியின் கை பழகியிருந்தது. யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தூங்குகிறவன் முகத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள்.

அந்தப் பழக்கத்தில் இன்றும் டிவியின் சத்தத்தை மிகவும் குறைத்தே வைத்தாள். பெரிய மேடையில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பாடினாள். கூடத்துக்கு அது கொசு பறப்பதுபோல வந்து சேர்ந்தது.

"இந்தம்மா யாரு?" ரெய்மண்ட் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

"கப்பல்ல போனவரோட சம்சாரம். அவர் வருவாருன்னு காத்திருக்காங்க."

"எப்ப வருவாரு?"

"படம் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள எப்படி வருவாரு?"

"எங்க ஃபேக்டரி பஸ் மாதிரியா? சரி, உங்க ஆளுங்க எங்க?"

"கொஞ்சம் பொறுங்க. மீன் விக்கிற பொம்பளைங்களா வருவாங்க."

"மீன் விக்கவா கோலாலம்பூர் போற? பாகான் நக்கோடா ஓமார் கடக்கரைக்குப் போ. நண்டும் சேத்து விக்கலாம்."

"வாய மூடிட்டுப் பாருங்க."

அவன் வாயை மூடினான். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் திறந்துகொண்டது. மடியில் தட்டு சரிய, தலை சோபாவில் சாய்ந்து, தூங்கிப்போனான்.

ஷெல்லி தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தபோது திரையில் மீன்காரப் பெண்கள் கூடையோடு நுழைந்தார்கள். "ஏங்க, வந்துட்டாங்க" என்று அவன் தோளைத் தொட்டாள். அவன் அசையவில்லை. அத்தனை பெண்களும் ஒன்றாக மூச்சிழுத்து ஒன்றாகப் பாடினார்கள். கடைசி வரிசையில் நின்ற பருமனான ஒருத்தியையே ஷெல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் நிற்கலாம் என்று தோன்றியது. யாருக்கும் என்னைத் தெரிய வேண்டாம், அந்த மூச்சுக்குள் இருந்தால் போதும்.

பிறகு பக்கத்தில் பார்த்தாள். ரெய்மண்டின் விரல்களில் கையுறைக்குள் வெந்து உரிந்த தோல். தூக்கத்திலும் அவன் நெற்றி சுருங்கியே இருந்தது. இந்த மனிதனைத் தனியாகச் சாப்பிட விட்டுவிட்டு, எங்கேயோ போய் மீன் விற்கும் பாட்டுப் பாடுவதா? போனை எடுத்து, 'மன்னிக்கணும் பிரதர், எனக்கு முடியாது' என்று தட்டினாள். அனுப்பத்தான் கை வரவில்லை.

அப்போது ரெய்மண்ட் புரண்டு படுத்தான். அவன் முழங்கைக்குக் கீழே ரிமோட் மாட்டிக்கொண்டது. சத்தம் சரசரவென்று ஏற, திரையில் அந்த மனைவிக்குக் கப்பல் மூழ்கிய செய்தி வந்து சேர்ந்தது. அவள் அலறினாள். வீடே அதிர்ந்தது. ஷெல்லி அவனுக்கடியில் கையை விட்டு ரிமோட்டை இழுத்தாள். அவன் பதறி எழுந்து, "என்னா! யாரு! விடு!" என்று கத்தினான்.

அடுத்த நிமிஷம் வெளியே கிரில் கதவு தடதடத்தது.

"ரெய்மண்ட்! கதவத் தொற! அந்தப் புள்ளைய என்னடா பண்ற?"

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய். கையில் துடைப்பக்கட்டை.

ரெய்மண்ட் கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். "அக்கா, டிவி அக்கா."

"எந்த டிவி இப்படிக் கதறும்? ஷெல்லி எங்க?"

"நான் இங்கதான் இருக்கேன்கா." ஷெல்லி சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். சின்னத்தாய் அவள் கன்னத்தைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் துடைப்பத்தை இறக்கினாள்.

"பாட்டுக்கா அது. கோவில்ல இருந்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க, இந்த மாதிரி பாட."

"நீயா? ஒனக்குப் பாட வருமா?"

"பள்ளிக்கூடத்துல இருந்தே பாடுறேன்கா."

"எனக்குத் தெரியாதே!" சின்னத்தாய் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "கல்யாணமாகி வந்ததுல இருந்து சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கேன். குழாயத் தொறக்குற சத்தம் கேக்கும், ஒன் வாயில இருந்து ஒரு பாட்டுக் கேட்டதில்ல. உள்ள ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. அதான் இன்னிக்குச் சத்தம் வந்ததும் என்னமோ ஆயிருச்சின்னு ஓடி வந்தேன். சரி தம்பி, மனசுல வச்சிக்காத."

அவள் போன பிறகும் ரெய்மண்ட் கிரில் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

ஷெல்லியைப் பார்ப்பதற்கு முன்பே அவன் அவள் குரலைக் கேட்டிருக்கிறான். கோலா சிலாங்கூரில் அவன் சித்தப்பா மகன் கல்யாணம். தூணுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான், பாடுகிறவளின் முகம் தெரியவில்லை. பூசை முடிந்ததும் அந்தக் குரலுக்குரிய ஆளைத் தேடிக்கொண்டு கோவில் வளாகம் முழுக்கச் சுற்றினான். சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

"ஏன் வீட்டுல பாடுறதில்ல?" என்று கேட்டான்.

"நீங்க தூங்குறீங்க."

"பாடாதன்னு நான் சொன்னேனா?"

"சொல்லணுமா?"

அவன் சோபாவில் வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"சரி. போ."

"எங்க?"

"ஒத்திகைக்கு."

ஷெல்லிக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு லேசா சொல்றீங்க. ஞாயித்துக்கிழம நான் வீட்டுல இல்லன்னா உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"லேசா சொல்லல, ஷெல்லி." அவன் குரல் தூக்கத்தில் கரகரத்தது. "கஷ்டமாத்தான் இருக்கு. அத வெளிய சொன்னா நீ போவ மாட்ட. அதான் சொல்லல."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு லீவு விழுற ஞாயித்துக்கிழம நானும் கூட வரேன். ரயில்லயே சாப்பிட்டுக்கலாம். நீ பாடு, நான் பின்னால எங்கியாவது உக்காந்து தூங்குறேன்."

"அங்கயும் தூக்கமா?"

"நான் எங்க போனாலும் தூக்கந்தான் லா."

ஷெல்லி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. இரண்டு தடவை வருவான். அதிகம் போனால் மூன்று. அப்புறம் ஓவர்டைம் வரும், அல்லது அவன் உடம்பு மறுத்துவிடும். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னான்.

அவள் போனை எடுத்து, எழுதி வைத்ததை அழித்துவிட்டுக் கேமரனைக் கூப்பிட்டாள்.

"நான் வரேன், பிரதர்."

"ரொம்ப சந்தோஷம் சிஸ்டர்! வீட்டுக்காரரும் பாத்தாரா? பிடிச்சிருந்துச்சா?"

ஷெல்லி திரும்பிப் பார்த்தாள். தூங்கியதைச் சொல்லாதே என்று ரெய்மண்ட் கையை வேகமாக ஆட்டினான்.

"பாத்தாரு. கப்பல் மூழ்குன எடத்துல எழுந்தே நின்னுட்டாரு, பிரதர்."

ரெய்மண்ட் தலையில் அடித்துக்கொண்டு அறைக்குள் படுக்கப் போனான்.

"அப்ப சனிக்கிழம காலையில முதல் ஒத்திகை. நேரத்துக்கு வந்துருங்க, லேட்டா வந்தா நடத்துறவங்களுக்குப் பிடிக்காது" என்றார் கேமரன்.

அப்படியென்றால் விடியும் முன்பே எழ வேண்டும். அவனுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமையே சமைத்து வைக்க வேண்டும். துணி துவைப்பதை எந்த நாளுக்கு மாற்றுவது என்று தெரியவில்லை. நினைக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் அலுத்தது.

"வந்துர்றேன், பிரதர்" என்றாள்.