எந்தப் பிளேனில் கவனிப்பு நல்லம்

எங்கள் தெருவில் பிளேனைப் பற்றிக் கேட்டால் பைலட்டுக்கே தெரியாத விஷயமெல்லாம் சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது கட்டாரிலோ சவூதியிலோ இருந்து வந்தவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளேன் மீது பற்று, இன்னொன்றின் மீது கோபம். கம்பனிப் பெயர்கள் நாக்கில் சரியாகப் புரளாததால் வாலின் நிறத்தைச் சொல்லித்தான் பேச்சு நடக்கும். பச்சை வாலில் புரியாணி நல்லம். மஞ்சள் வாலில் கோழி றப்பர் மாதிரி. ஊதா வாலில் கேட்டால் இரண்டாம் தரமும் தருவார்கள், முகத்தைச் சுளிக்க மாட்டார்கள்.

எனக்குப் புரியாணி முக்கியமில்லை. என் புருஷன் அப்துல் கபூருக்குச் சீனி வருத்தம். காலையும் பின்னேரமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிடாவிட்டால் சீனி இறங்கி ஆள் சரிந்துவிடும். நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை அது நடந்தது. கல்முனைச் சந்தைக்குள் எங்கள் சாரன் கடையில் வாடிக்கையாளருக்குத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அந்தத் துணியின் மேலேயே விழுந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் சீனித் தண்ணியைப் பருக்கி எழுப்பினார்கள். 'இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா...' என்று தொடங்கிய டொக்டர் மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த மீதி அன்று முதல் என் நெஞ்சுக்குள்தான் கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து மகள் ஹிமாயாவுக்குக் கட்டாரில் தலைப்பிள்ளை பிறக்கும் நாள் கிட்டியது. நான் போகாமல் இருக்க ஏலாது. இவரைத் தனியே விட்டுப் போகவும் ஏலாது. இரண்டு பேரும் போவதென்று முடிவானது. இருவருமே அதுவரை பிளேனில் கால் வைத்ததில்லை. ஐந்து மணித்தியாலம் ஆகாயத்தில் இருக்க வேண்டுமாம். அங்கே இவர் சரிந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

அதனால் விசாரிக்கத் தொடங்கினேன். முதலில் மூன்று வீடு தள்ளி இருக்கும் முஸ்பிறா. குவைத்தில் வீட்டு வேலை செய்து, போய்வந்த தடவைகளை அவளே மறந்துவிட்டாள்.

“ஊதா வால்ல போங்க ராத்தா,” என்றாள். “சீனி வருத்தக்காரருக்கு வேறயாச் சாப்பாடு குடுப்பாங்க. முன்கூட்டிச் சொல்லி வெச்சாச் சரி. எங்கட மாமி அதிலதான் மக்காவுக்கு உம்றா போன.”

“நேரத்துக்குக் குடுப்பாங்களா கா? ஊசி போட்ட மனிசன் பாத்துக்கொண்டு இரிக்க ஏலா.”

“மேல போனதும் வண்டிலத் தள்ளிக்கொண்டு வந்திருவாங்க. மஞ்சள் வால்லதான் பிந்தும்.”

முஸ்பிறாவோடு நான் நிற்கவில்லை. தையல்காரியிடம் கேட்டேன். மருந்துக்கடையில் கேட்டேன். மருதமுனையில் கைத்தறிச் சாரன் வாங்கும் இடத்தில் கேட்டேன், சம்மாந்துறைக் கலியாண வீட்டில் பந்தியில் இருந்தவர்களிடமும் கேட்டேன். எல்லா இடத்திலும் அவருடைய வருத்தத்தை முதலிலிருந்து சொன்னேன். கடையில் விழுந்தது, வாயில் நுரை தள்ளியது, மருந்துக் குளிசை குடித்தால் வயிறு இளகி அடிக்கடி பின்பக்கம் ஓடுவது, எல்லாம். வருத்தத்தைச் சொல்லாமல் வைத்தியம் கேட்க முடியுமா?

ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே நின்றார்.

“பள்ளிக்குள்ள ரெண்டு பேர் என்ட வயித்தப் பத்திக் கேக்காங்க,” என்றார்.

“அக்கறையிலதானே கேக்காங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு இருந்தார். சோறு பாதியில் கை கழுவினார். பயணப் பயம் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

டிக்கட் போடும் றிஸ்வானின் கடைக்குப் போன நாளும் அப்படித்தான். நான் சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு, கூப்பிட்டால் வருவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, மூண்டிலயும் எது கெதியாப் போகும்?”

“காக்கா, இது அக்கரைப்பற்று பஸ் இல்ல, ஒண்ட ஒண்டு முந்திப் போறதுக்கு. எல்லாம் அஞ்சு மணித்தியாலம்தான்.”

“இடையில எங்கயும் இறக்குவாங்களா?”

றிஸ்வான் சிரித்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. கேட்க எவ்வளவோ இருக்க, நேரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று. ஊதா வாலில்தான் போட்டேன். காசு கொஞ்சம் கூட. சீனி வருத்தச் சாப்பாடு என்று இரண்டு தரம் சொல்லி எழுதுவித்தேன்.

பயணத்தன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வேன் புறப்பட்டது. காலையில் ஊசி போட்டு, இரண்டு இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார். மத்தியானம் மஹியங்கனைக்கு அப்பால் ஒரு ஹலால் கடையில் நிற்பாட்டினார்கள். இவர் வேனை விட்டு இறங்கவில்லை. வயிறு சரியில்லையாம், பிளேனில் சாப்பிடுகிறாராம். தண்ணிப் போத்தலை நீட்டினேன். உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒரு பிஸ்கட்டையாவது தின்ன வைக்க நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. பாதி பிஸ்கட் போனது. கட்டுநாயக்க எயார்போர்ட்டில் வரிசையில் நின்றபோது அவருடைய உதடு வெடித்திருந்ததைக் கண்டேன். பரவாயில்லை, ஊதா வாலில் ஏறியதும் எல்லாம் சரியாகும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

பிளேன் எழும்பியபோது எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன். பெல்ட்டைக் கழற்றலாம் என்ற வெளிச்சம் வந்தது. முன்பக்கம் திரைச்சீலை விலகி, சாப்பாட்டு வண்டில் தலைகாட்டியது. அதைக் கண்ணால் காணும் வரை நான் ஊசியைத் தொடவில்லை, அவ்வளவு கவனம். எடுத்தேன்.

“மறுகா போடுவம் புள்ள,” என்றார்.

“மறுகா எண்டா எப்ப? சாப்பாடு வந்திட்டு. சேட்டத் தூக்குங்க.”

முந்தானையால் மறைத்துக்கொண்டு வயிற்றில் போட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரு சொன்னது பொய்யில்லை. இவருடைய தட்டு எல்லோருக்கும் முன்னால் வந்தது, மேலே பெயர் ஒட்டி. அவித்த மீன், மரக்கறி, தவிட்டுப் பாண். கொண்டு வைத்த பணிப்பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தும் வைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கட்டினாலும் கட்டினேன், நல்ல பிளேனுக்குக் காசு கட்டினேன் என்று நினைத்தேன்.

“ஆறட்டும்,” என்றார்.

நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். கரண்டி கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து நிமிர்ந்தால் அவருடைய தட்டைக் காணவில்லை. தொட்டும் பார்க்காமல் அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டில் நாலு வரிசை தாண்டிப் போயிருந்தது.

“என்ன செஞ்ச நீங்க? ஊசி போட்டிருக்கு உங்களுக்கு.”

“பசி இல்ல.”

அவருடைய மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. அந்தக் குளிரில் நான் துப்பட்டியால் போர்த்திக்கொண்டிருக்கிறேன், இவருக்கு வியர்க்கிறது. கையைப் பிடித்தேன். நடுங்கியது. கடையில் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். என் தட்டில் இருந்த பழச்சாற்றைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பினார். மறுபடி கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். சீனி இறங்க இறங்கப் பிடிவாதம் ஏறும் என்று டொக்டர் சொல்லியிருந்தார், ஆனால் இது அதற்கு முன்பே தொடங்கிய பிடிவாதம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையிலிருந்து இந்த மனிசன் எதையும் உள்ளே விடவில்லை.

“அல்லாவுக்காகச் சொல்லுங்க,” என்றேன். “மௌத்தாகப் போறீங்களா என்ட மடியில? என்னத்துக்கு இந்தப் பட்டினி?”

அவர் என் காதுக்கு வாயைக் கொண்டுவந்தார். சொல் குழறியது.

“கக்கூசில கழுவத் தண்ணி இல்லயாம் புள்ள. கடதாசிதானாம். திண்டா எனக்கு வயிறு நிக்கா. அசிங்கத்தோட எப்பிடித் தொழுற? எல்லாருக்கும் நடுவில எப்பிடி இரிக்கிற?”

இவ்வளவுதான். ஒரு போத்தல் தண்ணிக்காக இந்த மனிசன் செத்துப்போகத் தயாராகி வந்திருக்கிறார். எந்தப் பிளேனில் என்ன கறி என்று நான் ஊரெல்லாம் கேட்டேன். எந்த வாய் என்னிடம் இதைச் சொன்னது, எந்த வாயிடம் நான் இதைக் கேட்டேன்?

“தண்ணி நான் கொண்டு வருவன். அது என்ட பொறுப்பு. இதக் குடிங்க.”

“எங்கால எடுப்பாய்?”

“எங்கால எண்டாலும். குடிங்க.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பாதி சேட்டில் வழிந்தது, பாதி உள்ளே போனது. தலைக்கு மேல் இருந்த பொத்தான்களில் எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அமர்த்தினேன். வெளிச்சம் எரிந்தது, காற்று அடித்தது, அந்தப் பிள்ளையும் வந்தாள். இவருடைய முகத்தைக் கண்டதும் அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய் இன்னும் இரண்டு பழச்சாறும் சீனிப் பைக்கற்றுகளும் கொண்டுவந்து, முழங்காலிட்டு, கலக்கிக் கலக்கிக் கொடுத்தாள். இவர் குடித்தார். நடுக்கம் நிற்கும் வரை நான் அவருடைய மணிக்கட்டை விடவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. கண்ணில் ஆள் திரும்பி வந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

இனி என் பொறுப்பு. எழும்பி அந்தப் பிள்ளையின் பின்னால் நடந்தேன். எனக்கு இங்கிலீசு வராது. அவளுக்குத் தமிழ் வராது. பின்பக்கம் சாப்பாடு அடுக்கும் மூலையில் யாரும் இல்லாததை உறுதி செய்துகொண்டு, கக்கூஸ் கதவைக் காட்டினேன். “வாட்டர்,” என்றேன். அவள் ஒரு கப்பில் குடிக்கத் தண்ணி வார்த்தாள். இல்லை என்று கையை ஆட்டினேன். மறுபடி கதவைக் காட்டி, இடது கையைத் தாழ்த்தி, வலது கையால் வார்ப்பது போல் செய்து காட்டினேன். வெட்கத்தில் என் காது கொதித்தது. ஐம்பத்தைந்து வயதில் இப்படியும் ஒரு நடிப்பு.

அவள் சிரிக்கவில்லை. கீழே ஒரு சின்ன அலுமாரியைத் திறந்தாள். உள்ளே வெற்றுப் பெரிய போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்து, குழாயில் கையை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக நிரப்பித் தந்தாள். இன்னொன்றும் வேண்டுமா என்று விரலைக் காட்டினாள். அவளுக்கு இது புதிதில்லை. எங்களைப் போல் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பாள்.

துப்பட்டிக்குள் போத்தலை மறைத்துக் கொண்டுவந்து இவரை எழுப்பிக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தினார். நான் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றேன். உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கதவில் காதை வைத்தேன். தண்ணிச் சத்தம் கேட்டது. அதைப் போல் ஆறுதலான சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

வந்து இருந்தார். அந்தப் பிள்ளை அவருடைய தட்டைச் சூடாக்கித் திரும்பக் கொண்டுவந்தாள். மீனை முள் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். பாணையும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

“இத்தின வருசம் ஒண்டா இருந்திட்டு, இந்த ஒரு சொல்ல எனக்கிட்டச் சொல்லல்லயே.”

அவர் பாண் துண்டால் தட்டைத் துடைத்தார்.

“சொல்லியிருந்தா நீ ஒரு வழி செஞ்சிருப்பாய், தெரியும். அதுக்கு முதல் கல்முனைக்கே சொல்லியிருப்பாய்.”

கோபமில்லாமல் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பேன். நான் அவருக்காகத்தான் கேட்டேன். அது உண்மை. அவருடைய உடம்பை எடுத்து வீடு வீடாக விரித்துக் காட்டினேன். அதுவும் உண்மை. பள்ளிக்குள் அந்த இரண்டு பேர் கேட்டபோது அவர் எப்படி நின்றிருப்பார் என்று இப்போதுதான் பார்த்தேன்.

நடைபாதைக்கு அப்பால் இருந்த பெண் இதற்கெல்லாம் காத்திருந்தவள் போல என் பக்கம் சாய்ந்தாள். சம்மாந்துறையாம், மகனிடம் போகிறாளாம், ஏறும்போதே சொன்னாள். நல்ல முகம். மனம் விட்டுப் பேசச் சொல்லும் முகம்.

“என்ன ராத்தா நடந்த? காக்காக்கு என்ன வருத்தம்? ரெண்டு தரம் பின்னுக்குப் போய் வந்தீங்களே.”

கடையில் விழுந்ததிலிருந்து போத்தல் வரை முழுக்கதையும் என் வாய்க்குள் வந்து நின்றது. அவளுக்கும் ஒரு சீனி வருத்தக்காரர் வீட்டில் இருக்கக்கூடும், சொன்னால் உதவும் என்று ஒரு நியாயமும் கூடவே வந்தது.

“ஒண்டுமில்ல கா,” என்றேன். “காது அடைச்சிட்டாம்.”

அவள் அதற்கு ஒரு கைமருந்து சொல்லிவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு தன் இடத்துக்குச் சாய்ந்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சற்று நேரம் பொறுத்து, ஜன்னல் பக்கம் ஒதுங்கியிருந்த தோளை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.